தவிட்டுக்கு விற்ற தம்பி

நம் வயதுக்காரர்களோடு எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. அதைத் தீர்க்காமல் விடுவதாக இல்லை.

போன மாதம் கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் ஒரு கல்யாண விருந்து. எங்கள் மேசையில் இருந்த எல்லோரும் ஜார்ஜ்டவுன் சந்துகளில் பிறந்து, பிள்ளைகளுக்காகத் தீவை விட்டுக் கடல் பாலத்தைக் கடந்து போனவர்கள். என் மகளும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய் வருவதுதான் அவள் வேலை. அப்பன் வேலையிழந்த வீடு, தாய் பேச்சையே குறைத்துவிட்ட வீடு, பிள்ளை இளைத்துக்கொண்டே போகும் வீடு. பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சிரித்தார்.

"நம்மள யாருலா வந்து பார்த்தா? நம்ம அம்மாமாரு தனியாத்தான வளர்த்தாங்க. இப்ப கொடுத்துக் கொடுத்தே கெடுத்துட்டாங்க."

மேசை முழுவதும் தலையாட்டியது.

"அப்ப நீங்க குடிச்ச பால் எங்க இருந்து வந்துச்சுண்ணே?" என்றேன்.

"என்ன பாலு?" என்றார் அவர்.

அந்தப் பாலைப் பற்றித்தான் எழுதுகிறேன். எதையும் தேதி பார்த்து எழுதுவது என் பழக்கம். இதற்காக நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். தாய் சேய் நிலையத்தை யார் திறந்து வைத்தார், யார் மாலை போட்டார் என்று ஒரு துண்டுச் செய்தி கிடைத்தது. அங்கே போன தாய்மார்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே உறுதியாகத் தெரிந்ததை வைத்தே காலத்தைச் சொல்கிறேன். நான் பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டு. சீனர்கள் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதத்துக்காகச் சந்து முனையில் போட்டிருந்த கூத்து மேடையைப் பிரித்த பிறகு ஆரம்பித்து, தீபாவளிக்கு முன்னால் முடிந்த ஒரு மழைக்காலம்.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் ஓர் அறை எங்களுடையது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம். கீழே நாணய மாற்றுக்காரரின் கடை. மழை பெய்தால் கருவாட்டு மண்டியின் வாடை படியேறி வரும். பெய்யாவிட்டால் பக்கத்து வீட்டு ஊதுபத்தி வாசனை வரும். எங்கள் அம்மா ஈரத்தை வெறுத்தாள். மழை வேண்டாம் என்று வானத்தைத் திட்டிக்கொண்டே துணியை உள்ளே இழுப்பாள்.

அப்பாவுக்குத் தொங்கானில் வேலை. கப்பலுக்கும் கரைக்கும் இடையே மூட்டை ஏற்றிப் போகும் அந்தப் பெரிய படகுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடல் ஏறும் நேரத்தைப் பொறுத்து அவர் வீட்டுக்கு வருவார். அவர் வரும்போது நான் பெரும்பாலும் பள்ளியில் இருப்பேன். அதனால் அந்த ஆண்டில் அப்பா என்றால் எனக்குக் கொடியில் காயும் உப்புப் பூத்த சட்டைதான்.

எனக்குப் பின் இரண்டு பிள்ளைகள் பிறந்து, தவழும் முன்பே போய்விட்டார்கள். அப்புறம் தம்பி பிறந்தான். அவனும் அதே மாதிரி சிறுத்துப் பிறந்தான். அம்மாவுக்குப் பாலும் போதவில்லை. அப்போதுதான் நிலையத்திலிருந்து மிஸி வரத் தொடங்கினார். தாதியரை நாம் அப்படித்தானே கூப்பிடுவோம். எங்கள் சந்து முழுவதற்கும் அவர் பால் மிஸி.

வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. கத்தோலிக்கத் தமிழர். அவருடைய அப்பா வாத்தியார் என்று பேசிக்கொண்டார்கள். தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு கொக்கித் தராசும் தூளி போல ஒரு துணியும் இருக்கும். உத்தரத்தில் கயிறு கட்டி, தராசை மாட்டி, துணியில் தம்பியைப் போட்டுத் தொங்கவிடுவார். கருவாட்டு மண்டித் தராசில் மீன் தொங்குவது போல அவன் தொங்குவான். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முள் நின்றதும் மிஸியின் உதடு ஒன்று விரியும், இல்லை இறுகும். அம்மா முள்ளைப் பார்க்க மாட்டாள். அந்த உதட்டைத்தான் பார்ப்பாள்.

பால்மாவு டின்னையும் மிஸிதான் கொண்டு வருவார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்று, புட்டியை வேக வை, இத்தனை கரண்டிக்கு மேல் தண்ணீர் ஊற்றாதே என்று உட்கார்ந்து சொல்லித் தருவார். நல்ல விஷயம்தான். தம்பியின் கன்னத்தில் சதை வைத்தது அந்தப் பாலால்தான். இதை நான் யாரிடமும் மறைக்கப் போவதில்லை. மீன் எண்ணெய் கொடுத்து என் கண்ணோரப் புண்ணை ஆற்றியவரும் அவர்தான். அந்த எண்ணெயின் நாற்றம் இன்றைக்கும் என் நாக்கின் அடியில் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றும் உண்டு. அவர் படியேறி வந்ததும் முதலில் டின் மூடியைத் திறந்து பார்ப்பார். எவ்வளவு குறைந்திருக்கிறது, காப்பிக் கடைக்குப் போய்விட்டதா, அப்பாவின் தேநீரில் கலந்துவிட்டதா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். அம்மா அதைக் கவனித்தாள். அடுத்த முறை மிஸியின் குடை படியில் தட்டும் சத்தம் கேட்டதும், டின்னை எடுத்துத் திறந்து அறை நடுவில் வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மிஸி உள்ளே வந்து, நடுவில் இருந்த டின்னைப் பார்த்து, அம்மாவைப் பார்த்தார். அன்று அவர் டின்னுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த முறை மறுபடியும் பார்த்தார்.

இப்போது விற்ற கதைக்கு வருகிறேன்.

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது நம்மவர்கள் வழக்கம். விற்றுவிட்டால் அது நம் பிள்ளை இல்லை. பிள்ளையைக் கொண்டுபோகத் தேடி வருவது ஏமாந்து போய்விடும். தம்பியைத் தொட்டிலில் போட்ட அன்று அம்மா அவனை முறத்தில் கிடத்தி, பக்கத்து வீட்டு ஆ சிம்மிடம் கொடுத்தாள். ஆ சிம் ஹொக்கியன் சீனப் பெண்மணி. கடை வாசலை ஒட்டிய அஞ்சடி நடையில் உட்கார்ந்து, சாமிக்கு எரிக்கும் தங்கக் காகிதத்தைப் படகு போல மடிப்பதுதான் அவருக்கு வேலை. பின்கட்டில் வாத்து வளர்த்தார். வாத்துக்கு வாங்கிய தவிட்டில் ஒரு குவளை எடுத்து வந்து அம்மாவின் மடியில் கொட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, என் பிள்ளையை நீ பார்த்துக்கொள் என்று சந்தைக்கடை மலாயில் சொல்லி அம்மாவின் கையில் கொடுத்தார். அவருக்கு இதில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நோஞ்சான் பிள்ளையைச் சாமிக்கோ அடுத்த வீட்டுக்காரிக்கோ தத்துக் கொடுப்பது அவர்கள் பக்கத்திலும் உண்டு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மா அவனை "ஆ சிம் வீட்டுப் பையன்" என்றுதான் சொன்னாள். குளிப்பாட்டும்போதும் அப்படித்தான். பால் கொடுக்கும்போதும் அப்படித்தான்.

ஒரு நாள் தராசில் முள் நன்றாக ஏறி நின்றது. மிஸியின் உதடு விரிந்தது. "பரவாயில்லையே, உங்க மகன் தேறிட்டான்" என்றார்.

"என் மகன் இல்லைங்க மிஸி" என்றாள் அம்மா. "வித்தாச்சு."

மிஸி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. யாருக்கு விற்றீர்கள் என்று மிஸி கேட்க, அம்மா சுவர் பக்கம் கையைக் காட்டினாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்துப் பெண் ஓடி வந்து தவிட்டுக் கதையைச் சொன்னாள். மிஸி அதைக் கேட்டுக்கொண்டார். தெரியும், கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார்.

நமக்கு முந்தின தலைமுறை மிஸியை ஒன்றும் தெரியாதவர் என்று சொல்லிச் சிரித்தது. அது அநியாயம். அவருக்கு ஒரு காரணம் இருந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் அவர் எடை பார்த்துவந்த பெண் குழந்தை ஒன்று சில மாதங்களுக்கு முன் காணாமல் போயிருந்தது. வீட்டில் கேட்டபோது, சும்மா வழக்கத்துக்குத்தான் கொடுத்தோம் என்றார்களாம். குழந்தை கப்பலேறி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திரும்பி வரவில்லை. நிலையத்தில் மிஸிக்குத்தான் ஏச்சு. இதை அவரே அன்று அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது தராசுத் துணியை மடித்து மடித்துப் பிரித்தார்.

"வழக்கம்னா இருக்கட்டும். நான் அதுல கை வைக்கல. என் முன்னால ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடுங்க, இது என் பிள்ளை, விக்கலன்னு. நான் போயிடறேன்."

"சொல்ல முடியாதுங்க."

"ஏன்?"

"காதுல விழும்."

"யார் காதுல?"

"அதையும் சொல்லக்கூடாது மிஸி."

அப்படியானால் நிலையத்தில் தனக்கு மேலே இருக்கும் பெரிய மிஸியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் அவர். அடுத்த வெள்ளிக்கிழமை இருவருமாக வண்டியில் வருவார்கள். அன்றும் அம்மா வாய் திறக்காவிட்டால், விசாரித்து முடியும் வரை பிள்ளை காப்பகத்தில் இருக்கும். மிரட்டலாக அவர் சொல்லவில்லை. குரல் தாழ்ந்துதான் இருந்தது.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டுக்குப் புத்தி சொல்ல வராதவர் இல்லை. நாணய மாற்றுக்காரர் படியடியில் நின்று, இது அரசாங்க விஷயம் தங்கச்சி, விளையாடாதே என்றார். கோவில் பூசாரி, சொல்லிவிட்டு ஒரு பால்குடம் எடுத்தால் சரியாகிவிடும் என்றார். தடுப்புக்கு அந்தப் பக்கத்துப் பெண், வாயால் சொல்லிவிட்டு மனசுக்குள் இல்லை என்று நினைத்துக்கொள் என்றாள். அம்மா எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். பதில் மட்டும் சொல்லவில்லை.

அப்பா வந்தார். சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தைதான. சொல்லித் தொலையேன்."

"நீங்க சொல்லுங்களேன்" என்றாள் அம்மா.

அப்பா சட்டையில் பூத்திருந்த உப்பை நகத்தால் சுரண்டினார்.

"சொல்லுங்க. நீங்கதான் அப்பன். நீங்க சொன்னாலும் மிஸி எடுத்துக்குவாங்க. முன்ன போன ரெண்டையும் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனது நீங்கதான. மூணாவதை நினைச்சிக்கிட்டுச் சொல்லுங்க."

அவர் தொட்டிலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, போட்டிருந்த சட்டையோடே மறுபடியும் துறைமுகத்துக்குப் போய்விட்டார். சோம்பேறி, பொறுப்பில்லாதவர் என்று அவரைப் பற்றி நிலையத்தில் பேசிக்கொண்டார்களாம், மிஸி வரும்போதெல்லாம் அப்பன் வீட்டில் இருப்பதில்லை என்று. கடல் எப்போது ஏறும் என்று அவர்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் தெருவில் நிறைந்திருந்த நேரத்தில் வண்டி வந்து சந்து முனையில் நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. முதலில் பால் மிஸி ஏறினார். பின்னால் பெரிய மிஸி. மலாய்க்காரர், கனத்த உடம்பு. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். அவர்களுக்கும் பின்னால், யாரும் கூப்பிடாமலே, மடித்த காகிதத் துகள் ஒட்டிய கையோடு ஆ சிம்.

பெரிய மிஸி மலாயில் கேட்க, பால் மிஸி தமிழில் சொன்னார். இந்தப் பிள்ளை உங்களுடையதா? அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் கேட்டார்கள்.

"என்னோட பிள்ளை" என்றார் ஆ சிம், தமிழிலேயே. பிறகு மலாய்க்குத் தாவி, நான் வாங்கியது, அவள் பார்த்துக்கொள்கிறாள், உங்களுக்கு என்ன, என்று விரலை ஆட்டினார். எங்களைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் பெரிய மிஸியின் புருவம் ஏறியது. வாங்கினாயா என்று கேட்டார். வாங்கினேன் என்றார் ஆ சிம், இன்னும் பலமாக. பால் மிஸி கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாவிடம் கடைசியாக ஒரு முறை கேட்டார்கள். அம்மாவின் உதடு அசைந்தது. சொல்லிவிடப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று.

பெரிய மிஸி தொட்டிலுக்குள் கையை விட்டார்.

அந்தக் காலம் முழுவதும் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு வரை அதுதான் எனக்குக் கோபம். எடை பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், எண்ணெயை ஊற்றினார்கள். பூசாரி வந்து பேசினார், நாணய மாற்றுக்காரர் வந்து பேசினார். பள்ளி விட்டு வந்ததிலிருந்து அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தவளை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன? நான் தொட்டில் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அவங்கதான் வித்தாங்க" என்றேன். "நான் விக்கல. இவன் என் தம்பி. கையை எடுங்க."

பெரிய மிஸிக்குத் தமிழ் புரியாது. ஆனால் கையை எடுத்துவிட்டார். என்ன சொல்கிறாள் என்று பால் மிஸியைக் கேட்டார். பால் மிஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார். அவர் நினைத்திருந்தால் அதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளை உளறுகிறது என்று தள்ளியிருக்கலாம். நான் சொன்னதைச் சொன்னபடியே சொன்னார் போலிருக்கிறது. ஏனென்றால் பெரிய மிஸி எங்கள் அரிசிப் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பக்கத்தில் அழைத்தார். பால் மிஸி வழியாக விசாரித்தார். இவன் எங்கே தூங்குகிறான்? எனக்கும் அம்மாவுக்கும் நடுவில். இந்தச் சீன அம்மா இவனைத் தூக்கிக்கொண்டு எங்காவது போவாரா? அஞ்சடி வரை போவார், பசித்தால் கொண்டு வந்துவிடுவார். நாளைக்கு இவனை யாராவது கொண்டு போக வந்தால்?

"விட மாட்டேன்" என்றேன்.

அவர்கள் இருவரும் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசினார்கள். முடிவில், பிள்ளைக்கு இந்த வீட்டில் சொந்தம் கொண்டாட ஆள் இருக்கிறது, அது போதும் என்று பெரிய மிஸி சொன்னதாகப் பால் மிஸி சொன்னார். ஆனால் இனிமேல் எடை போட நானும் கூடவே வர வேண்டும். அவனைப் பற்றி எதைக் கேட்பதானாலும் என்னைத்தான் கேட்பார்களாம். ஆ சிம் நான் வாங்கியது, நான் வாங்கியது என்று இன்னும் முனகிக்கொண்டிருந்தார். யாரும் அவரை மறுக்கவில்லை.

வண்டி போனதும் சந்தே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"உன்னை யாருடி சொல்லச் சொன்னா? சத்தமா வேற சொல்ற. அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னாலதான்."

பிறகு அந்த மூலையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிள்ளை வீட்டில் இருந்துவிட்டான் என்று அழுதாளா, நான் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று அழுதாளா, எனக்குத் தெரியாது. இரண்டுக்கும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சொல்லாவிட்டால் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டும், சொன்னால் பிள்ளையைக் கொன்றதாகும் என்கிற இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அங்கே நின்றும் அவள் வாயைத் திறக்கவில்லை. நமக்கு அந்தத் தைரியம் உண்டா? மிஸிமார்களைத் தெய்வம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மழையில் படியேறி வந்த மனுஷி அவர். பால் கொண்டு வந்தார், சந்தேகத்தையும் கொண்டு வந்தார். ஆனால் தனியாக வளர்ந்தோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொல்ல நான் விட மாட்டேன். நாம் அந்தப் பாலைக் குடித்தவர்கள். என் மகள் படியேறிப் போகிற வீடுகள் நம் வீடுகள்தான். போனதும் முதலில் தாயைப் பார்த்து, நீ சாப்பிட்டியா என்று கேட்கிறாள். அதற்கு நாம் கைதட்ட வேண்டாம். சிரிக்காமல் இருந்தால் போதும்.

தீபாவளிக்கு முன் வாரம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. பகல் வேளை. உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். நீ சொன்னாய் அல்லவா, கேட்டுவிட்டது பார், என்கிற பார்வை. நான் மழையில் நிலையத்துக்கு ஓடினேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பால் மிஸி, என்னைப் பார்த்ததும் கழற்றியதை மறுபடியும் மாட்டிக்கொண்டார். வண்டியை அழைத்துக்கொண்டு வந்தார். அவர் அவனுக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டிருக்கும்போது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், யார் பிள்ளை என்று அங்கே கேட்பார்கள், அந்தச் சீன அம்மாவை வரச் சொல்லட்டுமா என்று சுவர் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டார். அம்மாவின் மனசு புரிந்து, அவளுக்காகவே அப்படிக் கேட்டார்.

அம்மா என்னை முறைத்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தக் கண் சொன்னது.

"என் தம்பி" என்றேன். எந்தக் காதில் விழ வேண்டுமோ அந்தக் காதில் விழட்டும் என்று, கூரையைப் பார்த்து இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.